சொந்த விமானமும் மலிவான ஆயில் கூலரும்

தன் கையால் விமானம் கட்டிப் பறந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் இறக்கைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த மரம், எந்தத் துணி, எவ்வளவு வளைவு என்ற கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக விடை உண்டு. எஞ்சினுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கும். எஞ்சினை ஒட்டி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆயில் கூலருக்கு ஒரு பத்தி கிடைப்பதே அபூர்வம். இரண்டு கைக்குள் அடங்கும் அலுமினியப் பெட்டி அது. ஒரு வாயில் சூடான எண்ணெய் நுழைகிறது. மெல்லிய தட்டைக் குழாய்கள் வழியே நகர்கிறது. குழாய்களின் இடைவெளியில் கொசுவம் கொசுவமாக மடித்து வைத்த தகடுகளை உரசிக்கொண்டு காற்று போகிறது. ஆறிய எண்ணெய் மறு வாயில் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் நடுத்தர வருமானக்காரர் ஒருவர் சொந்தமாக விமானம் கட்டிவிட முடியுமா என்ற கேள்விக்கு நூறாண்டுகளாகக் கிடைத்துவரும் விடைகளில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கார் உலகத்திடம் கடன் வாங்கித்தான் எளியவர்களின் விமானம் சாத்தியமானது. எஞ்சினைக் கடனாகப் பெற முடிந்தது. காருக்குள் அந்த எஞ்சினைக் குளிர வைத்த காற்றோட்டத்தை அதனுடன் சேர்த்துப் பெற முடியவில்லை. அதை ஒவ்வொருவரும் புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மலிவான ஆயில் கூலர் சிலரைக் காப்பாற்றியதும் சிலரைக் கைவிட்டதும் அந்தக் கட்டுமானத்தைப் பொறுத்தே நடந்திருக்கிறது என்பதுதான் நான் இங்கே நிறுவ விரும்புவது.

கடன் வாங்கும் பழக்கம் விமானத்துக்குப் பிறவியிலேயே வந்தது. ரைட் சகோதரர்கள் எஞ்சின் கேட்டு எழுதிய கம்பெனிகளிடமிருந்து அவர்களுக்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. அவர்களுடைய டேட்டன் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் கடைசல் இயந்திரத்தையும் துளைபோடும் கருவியையும் வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் ஒன்றைச் செய்துகொடுத்தார். 1903 டிசம்பரில் பறந்தது அந்தச் சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சின்தான். பாரிஸில் சான்டோஸ்-டூமோன் தன் டெமாய்செல் என்ற குட்டி விமானத்தின் வரைபடத்துக்குக் காப்புரிமை கோராமல் யாரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910-இல் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் அதை வெளியிட்டது. அதே 1910-இல் நம் மதராஸில் ஹோட்டல் நடத்திவந்த ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் தான் வடிவமைத்த விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியின் கோச்சு வண்டிப் பட்டறையில் செய்யச் சொல்லிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்ததாக நகர வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சைக்கிள் கடை, கோச்சு வண்டிப் பட்டறை, கார் எஞ்சின் கொட்டகை என்று பக்கத்துத் தொழில்களின் கருவிகளும் கைத்திறனும்தான் தொடக்ககால விமானத்தைத் தாங்கின. விமானத்துக்கென்றே ஒரு தொழில் பிறகுதான் உருவானது. அது உருவானபோது விலையும் கூடவே வந்தது.

அந்த முதல் தலைமுறைக்கு ஆயில் கூலர் என்ற கவலையே கிடையாது. 1909 வாக்கில் பரவிய பிரெஞ்சு நோம் எஞ்சினில் சிலிண்டர்களே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றன. காற்று அவற்றைத் தானாகக் குளிர்வித்தது. உள்ளே ஊற்றிய விளக்கெண்ணெய் ஒரு சுற்று வேலை செய்துவிட்டுப் புகையோடு வெளியே போய்விடும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால்தான் விளக்கெண்ணெயைத் தேர்ந்தார்கள். திரும்பி வராத எண்ணெயை ஆற வைக்க வேண்டியதில்லை அல்லவா. 1930களில் பிரான்ஸையும் இங்கிலாந்தையும் ஆட்டிவைத்த ஆன்ரி மின்யேயின் குட்டி விமானத்திலும் இதே கதைதான். அதில் இருந்தது சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடும். அமெரிக்க மக்களின் விருப்ப விமானமான பைப்பர் கப்பில் இருந்த காண்டினென்டல் ஏ-65 எஞ்சினில் எண்ணெய் திரும்பத் திரும்பச் சுற்றியது. ஆனாலும் கூலர் இல்லை. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி தொங்கியது, சிலிண்டர்கள் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, எதிர்காற்று எல்லாவற்றின் மேலும் மோதியது. 65 குதிரைத்திறனுக்கு அது போதும்.

மினசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் செய்தது இன்னும் துணிகரமானது. தானே தொழில் கற்ற மெக்கானிக் அவர். ஃபோர்டு மாடல்-ஏ காரின் 40 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துத் தன் ஏர் கேம்பர் விமானத்தில் பொருத்தினார். கார் எஞ்சின் விமானத்துக்கு உதவாது என்று எழுதிவந்த மாடர்ன் மெக்கானிக்ஸ் இதழின் ஆசிரியர் வெஸ்டன் ஃபார்மரிடம் 1930-இல் விமானத்தையே பறக்கவிட்டுக் கொண்டுபோய்க் காட்டினார். 1932-இல் அந்த வரைபடங்கள் அந்நிறுவனத்தின் கையேட்டில் அச்சாயின. ஏர் கேம்பரின் படத்தைப் பார்த்தால் ஒன்று சட்டென்று கண்ணில் படும். எஞ்சினுக்கு மேலே, ஓட்டுபவரின் பார்வையை மறைத்துக்கொண்டு, ஒரு ரேடியேட்டர் செங்குத்தாக நிற்கிறது. காரில் அது எஞ்சினுக்கு முன்னால் விசிறியோடு இருக்கும். விமானத்தில் அந்த இடத்தைப் புரொப்பெல்லர் எடுத்துக்கொண்டது. எஞ்சினை வாங்கிவிட்டார், காற்று வரும் வழியைத் தானே தேட வேண்டியிருந்தது. அழகைப் பற்றிக் கவலைப்படாமல் நல்ல காற்று அடிக்கும் இடத்தில் ரேடியேட்டரை நிறுத்தினார். பிற்காலத்தில் சொந்த விமானம் கட்டிய எத்தனையோ பேர் மறந்துபோன பாடம் அந்த அவலட்சணமான ரேடியேட்டரில் இருக்கிறது என்பேன்.

பணத்துக்குப் பஞ்சமில்லாத இடத்தில் இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சொந்த விமானக்காரர்கள் பின்னால் எடுத்துக்கொண்ட அறிவு அங்கேதான் விளைந்தது. ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்துக்காக ஆர். ஜே. மிச்செல் வடிவமைத்த சூப்பர்மெரின் எஸ்.6 வரிசை விமானங்களில் எண்ணெயை ஆற வைக்கும் வேலையை விமானத்தின் உடம்பே செய்தது. வால் துடுப்புக்குள் எண்ணெய்த் தொட்டி. உடலின் இரு பக்கங்களிலும் நெடுக ஓடிய தட்டையான வழிகளில் எண்ணெய் போய் வந்தது. வெளியே துருத்தும் கூலர் இல்லாததால் காற்றின் எதிர்ப்பும் இல்லை. 1931-இல் எஸ்.6பி மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் பறந்து உலக சாதனை படைத்தது. போர் விமானங்களில் அப்படிச் செய்தால் ஒரே குண்டில் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும் என்பதால் கூலர் மறுபடி தனிப்பெட்டி ஆனது. அப்போது வந்த ஒரு தொல்லை கவனிக்கத் தக்கது. உயரத்தின் கடுங்குளிரில் கூலருக்குள்ளேயே எண்ணெய் கெட்டிப்பட்டுவிடும். சூடான எண்ணெய் ஓரமாகக் கிடைத்த ஒன்றிரண்டு வழிகளில் மட்டும் ஓடும், ஆறாமலே திரும்பி வரும். வெளியே உறைகுளிர், உள்ளே எஞ்சின் கொதிக்கும். கூலரைப் பெரிதாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். பெரிய கூலர்தான் பாதுகாப்பு என்ற எண்ணம் அன்றே பொய்த்துவிட்டது.

இன்னொரு பாடம் ஃபார்ன்பரோவிலிருந்து வந்தது. அங்கே ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்டில் ஆய்வு செய்த எஃப். டபிள்யூ. மெரிடித் 1930களின் நடுவில், ரேடியேட்டரை ஒழுங்கான காற்றுக்குழலுக்குள் வைத்தால் அது தரும் எதிர்ப்பைப் பெருமளவு மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சிறிய வாய் வழியே நுழையும் காற்று, படிப்படியாக அகலும் குழலில் வேகம் குறைந்து அழுத்தம் கூட வேண்டும். கூலரின் மடிப்புகளுக்குள் அது மெதுவாகப் போக வேண்டும். சூடாகி விரிந்த பிறகு குறுகும் வாயில் வழியே மறுபடி வேகமெடுத்து வெளியேற வேண்டும். 1940-இல் முதன்முதலாகப் பறந்த மஸ்டாங் போர் விமானத்தின் வயிற்றுப்புறக் காற்றுக்குழல் இந்த அறிவின் புகழ்பெற்ற வடிவம். இதில் நம் கதைக்கு முக்கியமானது என்னவென்றால், மெரிடித்தின் கணக்கில் கூலரின் விலைக்கு இடமே இல்லை. விலையுயர்ந்த பெட்டிக்கும் விலை மலிந்த பெட்டிக்கும் காற்று ஒரே விதிக்கு உட்பட்டுத்தான் போகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் ராணுவ மிச்சச் சாமான்கள் மலைமலையாக விற்பனைக்கு வந்தன. அமெரிக்க விதிகளில் தனியார் தாமே கட்டும் விமானத்துக்கென்று ஒரு வகை இடம்பெற்றது. 1953 ஜனவரியில் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் சோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று ஆஷ்காஷில் ஆண்டுதோறும் கூடும் பெருந்திரளுக்கு அதுவே வித்து. இந்த வகையின் உயிர்நாடி ஒரு சுதந்திரம். கட்டுபவர் பெரும்பகுதி வேலையைத் தானே செய்திருந்தால், சான்றிதழ் பெற்ற உதிரிப்பாகத்தைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொழிற்சாலையில் செய்த செஸ்னாவின் ஆயில் கூலர் கெட்டுவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட கூலரைத்தான் மாற்ற முடியும். சொந்த விமானத்தில் கார் கடையிலிருந்தும் போடலாம், காயலான் கடையிலிருந்தும் போடலாம். அதற்கான பொறுப்பு முழுக்கக் கட்டியவருடையது.

இந்தச் சுதந்திரத்தை அதிகமாகப் பயன்படுத்திக்கொண்டது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின். பிரான்ஸில் ரோஜே துருயின் வடிவமைத்த டர்புலன்ட் என்ற ஒற்றை இருக்கை விமானம் 1950களில் அந்த எஞ்சினைக் கொண்டு பறந்தது. இங்கிலாந்தின் கிராய்டனில் ரோலசன் நிறுவனம் அந்த எஞ்சினை ஆர்டெம் என்ற பெயரில் மாற்றியமைத்து விற்றது. 1970களில் அமெரிக்காவில் ஜான் மோனெட்டின் சோனெராய், கென் ராண்டின் கே.ஆர். விமானங்கள், பர்ட் ரூட்டானின் முதல் வேரி-ஈஸி எல்லாம் அதே எஞ்சினோடு வந்தன. காற்றால் குளிரும் எஞ்சின், தட்டையான நான்கு சிலிண்டர், எடை குறைவு, எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகங்கள். விமானத்துக்கென்றே பிறந்ததுபோல் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் பீட்டிலின் எஞ்சினைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அது காருக்காகவே பிறந்தது என்பது விளங்கும். கிராங்க் கேஸின் மேல் செங்குத்தாக ஒரு சிறிய ஆயில் கூலர் நிற்கிறது. தகரக் கூண்டு அதையும் சிலிண்டர்களையும் சேர்த்து மூடியிருக்கிறது. கூண்டுக்குள் ஒரு விசிறி ஓயாமல் காற்றைத் தள்ளுகிறது. கார் சிக்னலில் நின்றாலும் மேட்டில் ஊர்ந்தாலும் விசிறி நிற்பதில்லை. எண்ணெயின் மொத்த அளவு 2.5 லிட்டர்தான். வடிகட்டி என்று சொல்ல ஒரு கம்பி வலை மட்டும். அந்தக் கூலர் நின்ற இடமே ஒரு கோளாறு. அதைக் கடந்து சூடான காற்றுதான் பின்னால் இருந்த மூன்றாம் சிலிண்டருக்குப் போனது. அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகம் சூடாகும் என்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1971 மாடலில்தான் ஃபோக்ஸ்வாகன் கூலரை ஒதுக்கி, அதற்குத் தனி அறையும் சூடான காற்று வெளியேறத் தனி வழியும் அமைத்தது. கார்களை லட்சக்கணக்கில் விற்ற கம்பெனிக்கே தன் சொந்தக் கூலரின் காற்று வழியைச் சரிசெய்ய அத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

விமானத்தில் பொருத்தும்போது முதலில் கழற்றி எறிவது அந்த விசிறியையும் கூண்டையும்தான். எடையும் இடமும் மிச்சம், விசிறி தின்ற சக்தியும் மிச்சம். அதோடு எஞ்சினின் குளிரூட்டும் ஏற்பாடு முழுவதும் போய்விடுகிறது. எஞ்சினிடம் கேட்கும் வேலையும் மாறிவிடுகிறது. சமதரையில் போகும் கார் தன் எஞ்சினின் திறனில் சிறு பகுதியைத்தான் தொடர்ந்து பயன்படுத்தும். விமானம் ஏறும்போது முழுத்திறனையும், மட்டமாகப் பறக்கும்போதுகூட முக்கால் பங்கையும் மணிக்கணக்கில் கேட்கும். சிலிண்டர் தலைகள் தாங்கும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கும்போது வெப்பத்தைச் சுமக்க எண்ணெயை விட்டால் வேறு ஆளில்லை. காரில் துணைப் பாத்திரமாக இருந்த எண்ணெய் விமானத்தில் முக்கியப் பாத்திரம் ஆகிவிடுகிறது. அதே சிறு கூலரை வேறோர் இடத்தில் திருகி வைத்து, முன்னால் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் ஏறும்போதே எண்ணெயின் சூடு எகிறுவதைக் கண்டார்கள். குற்றம் கூலரின் மேல் விழுந்தது. பலர் அதைவிடப் பெரிய கூலரை வாங்கினார்கள். சிலருக்கு அது பலன் தந்தது, பலருக்கு இல்லை.

பலன் தராததற்குக் காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மோதும் காற்றின் அழுத்தம் முழுவதையும் பிடித்தாலும் அது ஒரு குழாயில் நீரைச் சுமார் 12 சென்டிமீட்டர்தான் உயர்த்தும். 110 கிலோமீட்டரில் ஏறும்போது அது 6 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். எஞ்சின் அதிக வெப்பத்தைக் கக்கும் நேரத்தில்தான் காற்றின் தள்ளுவிசை பாதியாகிறது. இருக்கும் அந்தச் சொற்ப அழுத்தத்தையும் காற்றைத் திருப்பிவிடும் தடுப்புத் தகடுகளின் இடுக்குகளிலும் கூரான திருப்பங்களிலும் நெளிந்த ஹோஸ்களிலும் தொலைத்துவிட்டால் எவ்வளவு பெரிய கூலராலும் ஒன்றும் செய்ய முடியாது. காற்று நுழைந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். எஞ்சின் மூடியின் கீழ்ப்பகுதியில் அழுத்தம் ஏறிவிட்டால் கூலருக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தம், அதாவது காற்று நகராது. பெரிய கூலரை இறுக்கமான மூடிக்குள் திணித்தவர்கள் பெரும்பாலும் அகலும் குழலுக்கான இடத்தைத்தான் அதற்குப் பலி கொடுத்தார்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று மாஸ்தாவின் சுழல் எஞ்சினைப் பறக்கவிட்டவர்களிடம் கிடைக்கிறது. ஆர்எக்ஸ்-7 காரில் வந்த அந்த எஞ்சினில் ரோட்டரின் உட்புறத்தை எண்ணெய்தான் குளிர்விக்கிறது. தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து எடுத்துச்செல்லும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயில் போகிறது. இந்த எஞ்சினில் ஆயில் கூலரை அலட்சியப்படுத்த வழியே இல்லை. கட்டியவர்கள் மாஸ்தா காரின் சொந்தக் கூலரையே பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்தார்கள். தண்ணீருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஏசியிலிருந்து கழற்றிய எவாப்பரேட்டர்களைப் பயன்படுத்தினார்கள். கையளவு தடிப்புள்ள அலுமினியக் கட்டி அது. காருக்குள் இருப்பவர்களுக்குக் குளிர்ந்த காற்றுத் தரச் செய்தது. அதன் சிறு குழாய்களை வெட்டிவிட்டு, தடித்த குழாய் வாய்களை வெல்டிங் செய்து ரேடியேட்டராக மாற்றிக்கொண்டார்கள். தடித்த கட்டிக்குள் காற்று மெதுவாகத்தான் போக முடியும் என்பதால் அதன் முன்னால் நன்கு அகலும் குழல் இல்லாமல் இது வேலை செய்யாது. ஆகவே கூகெமானும் வேபரும் 1953-இல் எழுதிய உந்துவிசைக் காற்றியல் நூலை வீட்டுக் கொட்டகைகளில் பிரித்து வைத்துக்கொண்டு நுரைப்பலகையில் குழல்களைச் செதுக்கிக் கண்ணாடி இழை போட்டார்கள். செலவு மிகக் குறைவு, உழைப்பு மிக அதிகம். அதே கூலரைக் குழலில்லாமல் வைத்துக் கொதிக்கவிட்டவர்களும் இருந்தார்கள். இருவரிடமும் இருந்தது ஒரே பொருள்தான்.

இதற்கு முதல் மறுப்பு உயிரைப் பற்றியது. எண்ணெய் போய்விட்டால் எஞ்சின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும், அப்படியிருக்க ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும், விமானத்துக்கென்றே செய்த ஸ்டூவர்ட்-வார்னர் போன்ற கூலரை வாங்கிப் போட்டால் தீர்ந்ததே என்பார்கள். மதிக்க வேண்டிய மறுப்புதான். உறுதியான பற்றவைப்பும் அழுத்தச் சோதனையும் அந்தக் கூலர்களில் உண்டு, பணமிருப்பவர் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் அந்த விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் வாங்கும் செலவு, குறைந்த எண்ணிக்கையில் உற்பத்தி, வழக்குப் பயம். 1986-இல் செஸ்னாவே ஒற்றை எஞ்சின் பிஸ்டன் விமானங்கள் செய்வதை நிறுத்தியது. தயாரிப்பாளர் பொறுப்புக்கு 18 ஆண்டு வரம்பு வைத்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் மீண்டும் தொடங்கியது. உதிரிப்பாகங்களின் விலையிலும் இந்தச் சுமை ஏறியிருக்கிறது. அதைவிட முக்கியம், சான்றிதழ் பெட்டிக்குத்தான், பெட்டி நிற்கும் இடத்துக்கு அல்ல. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வெனின் ஆர்.வி. வகை விமானங்களில் பலரும் விமானத் தரக் கூலரை எஞ்சினின் பின் தடுப்புத் தகட்டில் தொங்கவிட்டார்கள். தகடு அதிர்ந்து விரிசல் விட்டது, சில இடங்களில் கூலரே விரிசல் கண்டது. மூலைகளில் கோணச்சட்டம் வைத்துத் தகட்டை வலுப்படுத்தியவர்களும், கூலரை எடுத்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீச்சுவரில் பொருத்தி அகன்ற ஹோஸில் காற்றைக் கொண்டுபோனவர்களும் தப்பித்தார்கள். விலை கொடுத்து வாங்கிய தரம் அந்த உழைப்பிலிருந்து யாருக்கும் விலக்குத் தரவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். பந்தயக் கார்களில் செட்ராப், மோக்கால் போன்ற கூலர்கள் கடும் வேலை பார்க்கின்றன, அவற்றை அப்படியே போட்டால் என்ன என்பார்கள். தட்டடுக்கு முறையில் செய்த அந்தக் கூலர்கள் நல்லவை. மலிவானது எது என்று என்னைக் கேட்டால் அந்த வகையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் கார் கடையில் அவற்றுக்குப் பக்கத்திலேயே, இன்னும் மலிவாக, கியர்பாக்ஸ் எண்ணெய்க்கான கூலரும் இருக்கும். அது வளைத்து விட்ட ஒற்றைக் குழாய், ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்குவது. குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது. விமானத்துக்கென்றே செய்யப்படும் லைகமிங் எஞ்சினில் குளிர்காலக் காலையில் கெட்டியான எண்ணெயோடு ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தம் 100 பிஎஸ்ஐயைத் தாண்டலாம். அந்தக் கிளாம்ப் அதற்கு நிற்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. கட்டுபவர் பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, திருகு மரையும் தீயுறை போட்ட ஹோஸும் உள்ள இணைப்பு. இன்னொன்று, பழைய கூலரின் பூர்வீகம். உடைந்த எஞ்சினிலிருந்து கழற்றிய கூலரின் குறுகிய வழிகளில் உலோகத் தூள் ஒளிந்துகொள்ளும். எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியே வந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது, புது எஞ்சினின் பேரிங்குகளுக்கு அதுவே எமன். இருபதாண்டு பழைய ஆனால் வரலாறு தெரிந்த கூலரை வாங்கலாம். பளபளப்பாக இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாததை ஒதுக்கிவிட வேண்டும்.

பழைய விமானங்கள் கூலரே இல்லாமல் பறந்தனவே, இதெல்லாம் மிகையான கவலை என்ற மூன்றாவது குரலுக்கு ஏ-65 எஞ்சினே பதில் சொல்லிவிடும். அதன் சிலிண்டர்கள் வெட்டவெளியில் இருந்தன. இன்று வேகத்துக்காக எஞ்சினை வழவழப்பான மூடிக்குள் அடைக்கிறோம், எஞ்சினிடமிருந்து கூடுதல் சக்தியும் கேட்கிறோம். பீட்டன்போலின் விமானம் மெதுவாகத்தான் பறந்தது, அதன் ரேடியேட்டர் அசிங்கமாகத்தான் நின்றது. ஆனால் அவர் வேகத்தை விட்டுக்கொடுத்துக் குளிர்ச்சியை வாங்கினார், அது நேர்மையான பேரம். இரண்டும் வேண்டும் என்கிறவர் இடைவெளியைக் குழலில் உழைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

ஒருவர் எதை வைத்துத் தேர்வு செய்வது? விமானம் கட்டுவோர் நடுவே மெல்ல ஊன்றிய ஒரு பழக்கம் இதற்கு வழிகாட்டுகிறது. கூலருக்கு முன்னால் ஒரு மெல்லிய குழாயும் பின்னால் ஒரு மெல்லிய குழாயும் செருகி, இரண்டையும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயிலோ பழைய வேகமானியிலோ இணைத்துவிடுவார்கள். வேகமானி என்பது அழுத்த வித்தியாசத்தை அளக்கும் கருவிதானே. ஏறும்போது கூலரின் இரு பக்கத்துக்கும் இடையே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அழுத்தம் நன்றாக இருந்தும் எண்ணெய் ஆறவில்லை என்றால் கூலர் சிறியது, பெரிதாக மாற்றலாம். அழுத்தமே இல்லையென்றால் எந்தக் கூலரை மாற்றியும் பயனில்லை, குழலையும் வெளியேறும் வழியையும்தான் திருத்த வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு புதுக் கூலரின் விலையில் சிறு துளி. அதைச் செய்யாமலே கூலர்களை மாற்றி மாற்றி வாங்கியவர்கள் மலிவைத் தேடி அதிகம் செலவழித்தவர்கள்.

இதோடு தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். லைகமிங்கில் எண்ணெய் சுமார் 85 டிகிரியைத் தொடும்வரை வால்வு அதைக் கூலரைச் சுற்றிக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். சூடேறியதும் அந்தக் குறுக்கு வழி மூடி, எண்ணெய் கூலருக்குள் தள்ளப்படும். எண்ணெய் ஓரளவு சூடாக ஓடினால்தான் எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகிப் போகும். இல்லையென்றால் அந்த ஈரமே துருவாக மாறும். கார் எஞ்சின் மாற்றங்களில் பல இந்த வால்வு இல்லாமலே வந்தன. அங்கே குளிர்காலத்தில் கூலர் முகத்தில் அலுமினிய டேப்பை ஒட்டிப் பாதியை மறைக்கிறார்கள். கோடையில் உரிக்கிறார்கள். ஒரு முழ டேப் செய்யும் இந்த வேலையை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை, போர்க்கால விமானங்களின் உறைந்த கூலர்கள் கேட்டதும் இதே ஏற்பாட்டைத்தான். அமெரிக்க விதிகள் நெடுங்காலமாக, சான்றிதழ் பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் உள்ள சொந்த விமானத்துக்கு 25 மணி நேரச் சோதனைப் பறத்தலும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் வைத்திருந்தன. கார் எஞ்சின்காரருக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்த 15 மணி நேரத்தை நான் தண்டனையாகக் கருதவில்லை. நீர்க்குழாயைச் செருகி அளந்து, குழலை வெட்டி ஒட்டி, மறுபடி ஏறிப் பார்த்து, மறுபடி அளப்பதற்கு அது தேவைப்படும் நேரம்தான்.